30,000 ரூபாயில் வீட்டு ஜிம்: டிரெட்மில்லா, டம்பெல்லா, ராடா, பாரா?

"அண்ணாச்சி, கையில 30,000 ரூபாய் இருக்கு. டிரெட்மில் வாங்கவா, வெயிட் வாங்கவா?" என்று வள்ளியூரில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். அதே வாரம் பெருமாள்புரத்தில் இருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார்: வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, மகனுக்கு உடம்பு ஏற்ற ஆசை, தனக்கு முட்டி வலி, வீட்டில் காலியாக இருப்பது ஒரே ஒரு 10-க்கு 10 அறை; யாருக்காக, எதை வாங்குவது? சேரன்மகாதேவியில் இருந்து ஒரு கல்லூரி மாணவர், 5,000 ரூபாய்க்குள் ஏதாவது முடியுமா என்று கேட்டார்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்று பேரும் எந்தச் சாமான் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். நான் வீட்டில் வெயிட் தூக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதில் தெரிந்துகொண்டது, அது இரண்டாவது கேள்வி என்பதைத்தான். அந்தச் சாமான் வீட்டில் எங்கே நிற்கும், எந்த நேரத்தில் யார் அதைத் தொடுவார்கள் என்பதே முதல் கேள்வி. அதைத் தீர்க்காமல் வாங்கிய டிரெட்மில்லில் துணி காய்வதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். அது யாரோ ஒருவர் தன் உடம்பைச் சரியாக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டிய பணம்.

## எதை வைத்து எடை போடுவது

உடம்புக்கு என்ன தேவை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது. வேக நடை முதல் பாதியைத் தரும். இரண்டாவது பாதியை நடை தராது. எந்தச் சாமான் எந்தப் பாதிக்கு என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இடம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று வீடு ரயில் பெட்டி போல நீளமாகப் போகும். நீளம் உண்டு, அகலம் இல்லை. ராடு என்பது இரண்டு முனையிலும் பிளேட் என்கிற எடை வட்டுகளை மாட்டித் தூக்கும் நீளக் கம்பி. அங்கே 7 அடி ராடைக் குறுக்கே வைத்துப் பிளேட் மாட்ட முடியாது. சுவரில் இடிக்கும். கே.டி.சி. நகர், பெருமாள்புரம் பக்கத்துப் புது வீடுகளில் 10-க்கு 10 அறை கிடைக்கும். அங்கே எதிரி சீலிங் ஃபேன். கையில் ஒரு கம்பைப் பிடித்து, கையைத் தலைக்கு மேலே முழுதாக நீட்டி, ஃபேனுக்குக் கீழே நின்று பாருங்கள். எங்கே நின்றால் இடிக்காது என்று பார்த்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

மாடியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தரைகள் தாங்க வேண்டிய பாரத்துக்கு இந்தியத் தர விதி ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 875. அதன்படி வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு 150 கிலோ, உடற்பயிற்சிக் கூடத்துக்கு 500 கிலோ என்று கணக்கு. அதாவது உங்கள் தட்டட்டி ஜிம்முக்காகக் கட்டியதல்ல. டம்பெல், பெஞ்ச், ஒரு ஆள் என்றால் கவலை இல்லை. ஆனால் 100 கிலோ பிளேட்டைத் தளத்தின் நட்டநடுவில் அடுக்காதீர்கள். பீமும் சுவரும் இருக்கும் ஓரமாக வையுங்கள். எந்த மாடியிலும் வெயிட்டைக் கீழே போடாதீர்கள். உத்திரக்கட்டை போட்டுக் காரை இட்ட பழைய வீடாக இருந்தால் மேலே ராடு வேண்டவே வேண்டாம், கீழேதான்.

வெயில், மழை, காற்று. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஜிம் வைத்தால், சித்திரை வைகாசியில் காலை எட்டரைக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடிக் காற்று எல்லாச் சந்திலும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை என்று கடலோரமாக இருந்தால் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். ஆற்றங்கரைப் பக்கம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. வார்ப்பிரும்புப் பிளேட் நனைந்தால் துடைத்து பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். மோட்டார் நனைந்தால் போச்சு.

மறைந்திருக்கும் செலவு, எத்தனை பேருக்குப் பயன்படும், விற்றால் என்ன வரும்: இந்த மூன்றையும் ஒவ்வொன்றின் கீழும் சொல்கிறேன்.

## டிரெட்மில்

30,000 ரூபாய்க்குள் வீட்டு டிரெட்மில் வரும். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் குதிரைத்திறன், மோட்டார் ஒரு நொடி எட்டிப் பிடிக்கும் உச்சம். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அது சொல்லப்படவில்லை என்றால் வேறு மாடல் பாருங்கள். 80 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கடையில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. இயந்திரம் ஏறக்குறைய 6 அடி நீளம். அதன் பின்னால் இன்னும் 6 அடி காலியாக இருக்க வேண்டும். கால் தடுமாறினால் பெல்ட் ஆளைப் பின்னால் தூக்கி எறியும், அங்கே சுவர் இருந்தால் ஆள் நடுவில் மாட்டிக்கொள்வார். ஆக 12 அடி. 10-க்கு 10 அறையில் அது அடங்காது. ஆனால் டவுனில் இருக்கும் நீள வீட்டின் பட்டாசலில் அழகாக அடங்கும்.

மறைந்திருக்கும் செலவுகள்: எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர். பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் அவ்வப்போது விட வேண்டும். மின்சாரம்: 2 குதிரைத்திறன் முழுதாக ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட். நடக்கும்போது அவ்வளவு இழுக்காது. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடுகிறது என்றால், கூடுதலாக வரும் யூனிட் 500-ஐத் தாண்ட வைக்கும். தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ரிப்பேர். என் டிரெட்மில் மூன்றாவது வருடம் நின்றது. போர்டு போய்விட்டது என்றார்கள். பார்க்க வேண்டிய ஆள் மதுரையில் இருந்து வர வேண்டும். வந்து போகும் செலவு என் தலையில், போர்டு வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் அம்மாவின் நடை நின்றது. நின்ற பழக்கம் திரும்ப ஆறு மாதம் பிடித்தது. அதனால் வாங்கும்போது நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, திருநெல்வேலியிலேயே சர்வீஸ் ஆள் உண்டா என்பது. கடைக்காரர் உண்டு என்றால் அந்த ஆளின் எண்ணை வாங்கி, கடையில் நின்றே பேசிப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், நடந்து முடித்ததும் சேஃப்டி கீயை உருவி அலமாரியில் வையுங்கள். ஓடும் பெல்ட்டில் பிஞ்சு விரல் மாட்டினால் நொடியில் தோலை உரித்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் டிரெட்மில்லை நான் வேண்டாம் என்று ஒதுக்க மாட்டேன். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கோ அண்ணா ஸ்டேடியத்துக்கோ நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஆம்பளைக்கு அது தேவையில்லை. நடை இலவசம். ஆனால் காலை ஐந்து மணிக்குத் தெருவிளக்கு இல்லாத சந்தில், நாய்களுக்குப் பயந்து வெளியே போக முடியாத பெண்கள் எத்தனை பேர்? அடுப்படி வேலை முடிந்து இராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அரை மணி நேரம் கிடைக்கிறது என்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை, கதவைத் திறக்காமலே கிடைக்கும் ஒரு தெரு. அவர்கள் வாங்கட்டும், நல்லதாகவே வாங்கட்டும். முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு, உடற்பயிற்சி சைக்கிளையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். பாதிக்கும் குறைந்த இடம், விலையும் குறைவு, சாதாரண மாடலுக்கு மின்சாரமும் வேண்டாம்.

## டம்பெல்லும் பெஞ்சும்

எனக்குக் கேள்வி அனுப்பும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். 6-க்கு 6 அடி இடம் போதும். ஒரே செட்டை அப்பா, அம்மா, மகன் மூவரும் பயன்படுத்தலாம், எடையை மாற்றினால் சரி. தசைப் பயிற்சி என்கிற அந்த இரண்டாவது பாதி முழுதும் இதில் கிடைக்கும்.

இரண்டு வகை உண்டு. பிளேட் மாற்றி நட்டு முடுக்கும் டம்பெல் ஒன்று. அறுகோணத் தலையுள்ள ரப்பர் டம்பெல் மற்றொன்று. முதல் வகையில் ஒரே ஜோடிக் கைப்பிடியில் 2 கிலோவும் ஏற்றலாம், 15 கிலோவும் ஏற்றலாம். ஒவ்வொரு செட்டுக்கும் நடுவே முடுக்கிக் கழற்ற வேண்டும் என்பதுதான் தொல்லை. இரண்டாவது வகை எடுத்தால் எடுத்தபடி செய்யலாம், ஆனால் 5, 7.5, 10, 12.5 என்று ஜோடி ஜோடியாக வாங்கிக்கொண்டே போக வேண்டும். நான் விசாரித்தவரை, இரும்பா ரப்பரா என்பதைப் பொறுத்துக் கிலோ 100 முதல் 200 ரூபாய் வரை சொல்கிறார்கள். பட்ஜெட் உள்ளவருக்கு முதல் வகைதான்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் பிளேட் செட் வேண்டவே வேண்டாம். உள்ளே சிமென்ட் கலவை. எடைக்கு ஏற்றாற்போல் தடிமனாகிவிடுவதால் கைப்பிடியில் இரண்டுக்கு மேல் மாட்ட முடியாது. ஒருமுறை தரையில் விழுந்தால் வெடித்து மண் கொட்டும். ஆறு மாதத்தில் மறுபடியும் இரும்பு வாங்குவீர்கள், அதுதான் அதன் மறைந்திருக்கும் செலவு.

பெஞ்சில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். படுத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். தரைக்கு ரப்பர் மேட் போடுங்கள். கோத்து விரிக்கும் மெத்துமெத்தென்ற வண்ண மேட் பிள்ளைகள் விளையாட நல்லது, வெயிட்டுக்கு அமுங்கிக் கிழியும். பழைய இரும்புக் கடைகளில் கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நல்ல தடிமன், பல வருடம் உழைக்கும். சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் போட்டால் வாடையும் போய்விடும்.

## ராடு, பிளேட், ரேக்

முதுகும் தொடையும் நிஜமாகவே பலப்பட வேண்டும் என்பவருக்கு இதற்கு இணை இல்லை. நானும் இதில்தான் வந்து நின்றேன். ஆனால் முதல் நாளே இங்கே வர வேண்டியதில்லை.

போட்டிகளில் பார்க்கும் ஒலிம்பிக் ராடு 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம், பிளேட் மாட்டும் முனை 50 மி.மீ. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 28 மி.மீ. ராடு. இரண்டின் பிளேட்டும் ஒன்றுக்கொன்று சேராது. எதில் தொடங்குகிறீர்களோ அதிலேயே கடைசிவரை போக வேண்டும் என்பதால் முன்னமே முடிவு செய்துகொள்ளுங்கள். 28 மி.மீ. கெட்டி இரும்பாக இருந்தால் 5 அடி ராடு ஏறக்குறைய ஏழரைக் கிலோ இருக்கும். கடையிலேயே தராசில் வையுங்கள். நாலு கிலோ காட்டினால் உள்ளே குழாய், ஒரு வருடத்தில் வளையும்.

ராடை ஏற்றி வைக்கும் ரேக் மட்டும் நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்யலாம். கடையில் வாங்குவதைவிட எனக்கு நன்றாகவே அமைந்தது. 2 அங்குலச் சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், அடியில் அகலமான பாதம். படுத்துத் தூக்கும்போது கை ஓய்ந்தால் ராடைத் தாங்க, நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இரண்டு பக்கமும் சேஃப்டி கம்பி. இந்தக் கம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் தனியாகச் செய்பவருக்குப் பிடித்துவிட ஆள் கிடையாது. பட்டறையில் வேலை பார்த்த அண்ணாச்சி, "இதுல ஊஞ்சலா தம்பி போடப் போறீங்க?" என்று கேட்டார். ஆள் படுத்திருக்க மேலே 80 கிலோ நிற்கும் என்றதும், போட்ட வெல்டையே மறுபடி சுற்றிலும் போட்டுக் கொடுத்தார். இந்த மாதிரிச் சொல்லிப் புரிய வைப்பது உங்கள் பொறுப்பு. ரெட் ஆக்சைடு அடித்த பிறகே பெயிண்ட். கடலோரத்தில் வருடம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

பணக் கணக்கில் இது ஒரே தடவையில் 30,000-ஐத் தாண்டிவிடும். ஆனால் விற்றால் மரியாதையான விலை வரும். இரும்புக்குக் கெட்டுப்போக எதுவும் இல்லை. சொந்த வீடு, தரைத்தளம், ஒரு வருடமாவது டம்பெல் விடாமல் செய்த பழக்கம்: இந்த மூன்றும் இருப்பவர் தயங்காமல் வாங்கலாம். வாடகை வீட்டுக்காரர் பொறுக்கட்டும். ஒவ்வொரு வீடு மாற்றத்திலும் 150 கிலோ இரும்பை லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்கும் கூலியும் கணக்கில் சேரும்.

## பார், கர்லாக்கட்டை, ரப்பர் பட்டை

பார் என்றால் தொங்கிப் புல்-அப்ஸ் (உடம்பை மேலே இழுப்பது) எடுக்கும் குறுக்குக் கம்பி. செலவு மிகக் குறைவு, பலன் மிகப் பெரிது. ஒரு அங்குல ஜி.ஐ. குழாயின் வெளி விட்டம் 33 மி.மீ. சொச்சம் வரும். தொங்குவதற்குக் கைக்கு இதமான கனம். அதைப் புறவாசல் சுவரில் கிளாம்ப் வைத்தோ, இரண்டு தூண் நட்டோ போட்டுவிடலாம். வாசல் நிலையில் முடுக்கி மாட்டும் பாரை நான் சொல்வதில்லை, நிலைக் கட்டையும் கெடும், விழுந்தால் நடு முதுகும் கெடும்.

இந்த மண்ணில் பலம் பழகுவது கடையில் வாங்கி வந்த பழக்கம் இல்லை. பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி இன்றும் நடக்கிறது. தண்டாலும் பஸ்கியும் கர்லாவும் நம் தாத்தாமார் செய்தவை. மரக் கடைசல் போடும் ஆசாரியிடம் சொன்னால் 3 கிலோவில் ஒரு ஜோடி கர்லா கடைந்து தருவார். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதுபோல ஒன்று இல்லை. சுற்றும்போது நாலு பக்கமும் 6 அடி காலியாக வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் கூடாது, முதல் ஒரு மாதம் தெரிந்தவரிடம் பழகுங்கள்.

குறை என்னவென்றால், கால்களுக்கு ஓரளவுக்கு மேல் பாரம் ஏற்ற வழியில்லை. ஒரு புல்-அப்ஸ்கூட வராத புதியவர் பாரைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார். அதற்குத்தான் ரப்பர் பட்டை: பாரில் மாட்டி, காலை அதில் வைத்தால் பாதி எடையை அது தாங்கும். ரப்பர் பட்டையை வெயிலில் விட்டால் ஒரே கோடையில் வெடித்துவிடும்.

## மற்ற இரண்டு

மல்ட்டி ஜிம் என்கிற கம்பி, கப்பி இயந்திரம் 30,000 ரூபாயில் நல்லதாகக் கிடைப்பது கஷ்டம், அந்த விலையில் வருபவற்றின் கம்பி சீக்கிரம் பிரியும். தள்ளி வைக்கலாம்.

வெளி ஜிம்: மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தாலும் 30,000 ரூபாய் இரண்டரை வருடக் கட்டணம். சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பது பெரிய விஷயம். இதுவரை வெயிட்டே தொடாதவர் மூன்று மாதம் அங்கே போய்ப் பழகிவிட்டு வீட்டுக்கு வாங்கினால், வாங்கியது வீணாகாது. போக வர அரை மணி நேரம் ஆகும் ஊர்க்காரருக்கு மட்டும் அது நிலைக்காது.

## ஒரே பார்வையில்

| | இடம் | மறைந்திருக்கும் செலவு | தரும் பலன் | விற்றால் | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|---|
| டிரெட்மில் | 12 அடி நீளம் | ரிப்பேர், பிளக், மின்சாரம் | நடை மட்டும் | குறைவு | வெளியே நடக்க முடியாதவர் |
| டம்பெல், பெஞ்ச் | 6-க்கு 6 அடி | மேட், கூடுதல் பிளேட் | தசை | நடுத்தரம் | குடும்பம், வாடகை வீடு |
| ராடு, ரேக் | 10-க்கு 8 அடி, தரைத்தளம் | வெல்டிங், பெயிண்ட், ஏற்று கூலி | தசை, அதிக பாரம் | நல்லது | பழகியவர், சொந்த வீடு |
| பார், கர்லா | முற்றம் போதும் | ஏறக்குறைய இல்லை | மேல் உடம்பு, தோள் | தேவைப்படாது | மாணவர், கிராமத்து வீடு |

## கேட்ட மூவருக்கும்

வள்ளியூர்க்காரர் வேலையே வெளியில் அலைவது என்று எழுதியிருக்கிறார். நடை அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. டம்பெல், பெஞ்ச், மேட் மூன்றுக்கும் 15,000-க்குள் முடித்துவிட்டு, மீதியை ஒரு வருடம் கழித்து ராடுக்கு வைத்துக்கொள்ளட்டும். காற்றுக் காலத்தில் அறை சன்னலை மூடியே வைக்கச் சொல்கிறேன்.

பெருமாள்புரத்து அம்மாவுக்கு: 10-க்கு 10 அறை என்பதால் டிரெட்மில் அடங்காது. முட்டி வலிக்கு டாக்டர் சரி என்றால் சைக்கிள் ஒன்று, அதன் பக்கத்திலேயே பிளேட் மாற்றும் டம்பெல் ஒரு ஜோடி. வீட்டுக்காரர் காலையில் வெளியே நடக்கட்டும், வாரம் இரண்டு நாள் லேசான டம்பெல் எடுக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால், எந்த நேரத்தில் செய்வது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மகனுக்குச் சாயங்காலம் அந்த அறையைக் கொடுத்துவிடுங்கள். யாருக்காக வாங்குவது என்று கேட்டீர்களே அம்மா, முதலில் உங்களுக்காக.

சேரன்மகாதேவித் தம்பிக்கு 5,000 தாராளம். குழாயும் கிளாம்பும், ஒரு ஜோடி கர்லா, ரப்பர் பட்டை இரண்டு. கால்களுக்கு, பையில் ஆற்று மணலோ அரிசியோ கட்டி முதுகில் போட்டுக்கொண்டு பஸ்கி எடு. பார் நடும்போது தூணை இரண்டடி ஆழத்துக்கு இறக்கி கான்கிரீட் போட்டு, ஏழு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகு தொங்கு.